முதல் வைர மோதிரம்

கேள்வி: எனக்கு நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு வைர மோதிரம் போட ஆசை. எங்கள் வீட்டில் யாரும் வைரம் வாங்கியதில்லை. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், மதுரை

பதில்: வாழ்த்துகள்! கடையில் முதலில் எடையைத்தான் சொல்வார்கள். 1 காரட் என்பது 200 மில்லிகிராம், அதாவது 100 சென்ட். ஆனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது 'கட்', அதாவது பட்டை தீட்டிய விதம், எப்படி என்று. பட்டை சரியாகத் தீட்டாத கல் எத்தனை சென்ட் இருந்தாலும் மங்கித்தான் தெரியும். கடை விளக்கில் எல்லாக் கல்லும் ஜொலிக்கும். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறத்தில் ஜி, எச் தரம் தாராளமாகப் போதும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத புள்ளிகூட இல்லாத கல்தான் வேண்டும் என்று பணத்தைக் கொட்டாதீர்கள். 1 காரட்டுக்குப் பதில் 90 சென்ட் கேளுங்கள்: விலை சட்டென இறங்கும், விரலில் வித்தியாசம் தெரியாது.

ஜி.ஐ.ஏ. அல்லது ஐ.ஜி.ஐ. தரச் சான்றிதழ் அவசியம். அதன் எண்ணைப் பெரும்பாலும் கல்லின் விளிம்பிலேயே லேசரில் பொறித்திருப்பார்கள். லென்ஸ் கேட்டு ஒத்துப்பாருங்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான், விலையும் மிகக் குறைவு. ஆனால் திருப்பி விற்றால் பெரிதாக எதுவும் தேறாது. எந்த வகை என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

'வைரம் எல்லாருக்கும் ஒத்துக்காது' என்று பெரியவர்கள் கிளப்புவார்கள். அந்தப் பஞ்சாயத்தைப் பணம் கட்டுமுன் முடித்துவிடுங்கள். விரல் அளவை மட்டும் பெண்ணிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.