கடலோரத்தில் ஒரு கோடை வீடு

கேள்வி: எங்கள் ஊர் சித்திரை வெயில் தாங்கவில்லை. தறியில் சேர்த்த பணத்தில் கோவளம் பக்கம் வீடு வாங்கி, கோடைக்கு மட்டும் போய் இருக்கலாமா?
– ஒரு வாசகர், பொதட்டூர்பேட்டை

பதில்: கோடையில் பார்த்த கையோடு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்தால் எந்த வீடும் சொர்க்கம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள். வர்தா (2016), மிக்ஜாம் (2023) இரண்டுமே டிசம்பரில் வந்த புயல்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டை உப்புக்காற்று சும்மா விடாது. சன்னல் கீலைத் தடவினால் துரு விரலில் ஒட்டும். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பட்டா, வில்லங்கச் சான்று மட்டும் போதாது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் மனை இருந்தால், கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியையும் கேளுங்கள் (தரகர் தானாகச் சொல்ல மாட்டார்). இரண்டு மாதத்துக்கு என்றால், என் ஓட்டு வாடகை வீட்டுக்குத்தான்.