கடைக் கணக்கை அலச எந்த மென்பொருள்? 8 குறிப்புகள்

வியாபாரம் கொஞ்சம் வளர்ந்ததும், 'எக்செல் போதுமா, பவர் பிஐ மாதிரி பெரிய மென்பொருளுக்குப் போகலாமா?' என்ற கேள்வி எழும். பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கவனியுங்கள்.

1. முதலில் உங்கள் கேள்விகளை எழுதுங்கள். எந்தச் சரக்கு நகரவில்லை, யாரிடம் பாக்கி நிற்கிறது, எந்தக் கிழமையில் விற்பனை கூடுகிறது? இவற்றுக்குப் பதில் தருகிற மிக எளிய கருவியே உங்களுக்கு ஏற்றது.

2. ஒரு பொருளுக்கு ஒரே பெயர் வையுங்கள். 'து.பருப்பு', 'துவரம்பருப்பு', 'துவரை' என்று மாற்றி மாற்றிப் பதிந்தால், எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருளும் மூன்று பொருளாகத்தான் கணக்குப் போடும். பொருளுக்கு ஒரு குறியீட்டு எண் கொடுத்துவிட்டால் குழப்பம் இல்லை.

3. தேதியில் கவனம் தேவை. ஜூன் 5 என்று நினைத்து 05-06 என அடித்தால், அமெரிக்க முறையில் அமைந்த கணினி அதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். கணினியில் இந்திய முறையை அமைத்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.

4. பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளும் தனி வரியாக இருக்கட்டும். நடுவில் கூட்டுத்தொகை, வெற்று வரி, ஒன்றாக இணைத்த கட்டங்கள் வேண்டாம். இப்படி வைத்திருந்தால் எக்செலின் பிவட் டேபிளே பொருள்வாரி, மாதவாரி விற்பனையை நொடியில் காட்டிவிடும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸிலும் இந்த வசதி உண்டு.

5. டேலி பயன்படுத்துபவர்கள் முதலில் அதிலுள்ள அறிக்கைகளைத் திறந்து பாருங்கள். நிலுவை, இருப்பு விவரங்கள் அதிலேயே இருக்கின்றன. இருப்பதற்கே இன்னொரு முறை காசு கொடுக்காதீர்கள்.

6. எக்செலின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு தாளில் 10,48,576 வரிகள். நாளுக்கு 500 வரி பதிந்தாலும் நிரம்ப ஐந்து வருடத்துக்கு மேலாகும். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிகள்தான். 2020-ல் இங்கிலாந்தில் இந்தப் பழைய வடிவத்தால் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றாளர்களின் விவரம் கணக்கில் சேராமல் விடுபட்டது. கோப்பைப் புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் சேமியுங்கள்.

7. பல கிளைகளின் கோப்புகளை மாதாமாதம் கையால் ஒட்டுகிறீர்களா? ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு எது சரி என்று திணறுகிறீர்களா? அப்போது பவர் பிஐ போன்ற மென்பொருளுக்கு மாறலாம். அதற்கு முன், எக்செலிலேயே உள்ள பவர் குவெரியை முயன்று பாருங்கள். கோப்புகளைத் தானாகச் சேர்த்துத் தரும்.

8. பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும். அறிக்கையைப் பிறருடன் பாதுகாப்பாகப் பகிரப் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் உண்டு. ஒரு மாதக் கணக்கைப் பழைய முறையிலும் புதியதிலும் போட்டு, இரண்டு தொகையும் பில் புத்தகத்தோடு ஒத்துப்போன பிறகே கட்டணம் செலுத்துங்கள். உழைத்துச் சேர்த்த பணத்துக்கு அந்தச் சோதனை அவசியம்.