டேங்குக்கு எத்தனை மில்லி?

'டேங்க்' என்ற ஆங்கிலச் சொல் கிராமத்தில் பல பொருளில் புழங்குகிறது. பொதுப்பணித்துறையின் பழைய பதிவேடுகளில் ஏரியும் கண்மாயும் டேங்க்தான். குடிநீர்த் தொட்டியும் டேங்க், டிராக்டரில் டீசல் ஊற்றுமிடமும் டேங்க். 1916-ல் பிரிட்டிஷார் போரில் இறக்கிய கவச வண்டிக்கு, ரகசியம் காக்க வேண்டி இட்ட பெயரும் இதுவே. இவற்றால் பயிருக்குக் கேடில்லை.

கேடு வருவது தெளிப்பானின் டேங்கால். 'டேங்குக்கு 32 மில்லி' என்பார் பக்கத்து வயல்காரர். அவருடையது 16 லிட்டர் டேங்க். லிட்டருக்கு 2 மில்லி. அதே மருந்தை 10 லிட்டர் டேங்கில் ஊற்றினால் லிட்டருக்கு 3.2 மில்லியாகி, இலை கருகக்கூடும். 10 லிட்டருக்கான 20 மில்லியை 16 லிட்டரில் கலந்தாலோ 1.25 மில்லிதான். பூச்சி சாகாது, மருந்துக் காசும் கூலியும் வீண்.

முதுகில் சுமக்கும் விசைத்தெளிப்பானுக்கு இந்தக் கணக்கும் உதவாது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 400 மில்லி மருந்து என்று கொள்வோம். விசைத்தெளிப்பானில் 80 லிட்டரே செலவானாலும் மருந்து அதே 400 மில்லி. அதாவது 10 லிட்டருக்கு 50 மில்லி. மருந்துச் சீட்டில் இதற்குத் தனி அளவு இருந்தால் அதையே கடைப்பிடிக்க வேண்டும். பாட்டரித் தெளிப்பானுக்குக் கைத்தெளிப்பான் கணக்கே போதும்.

சீட்டில் எக்டேர் அளவு இருந்தால் இரண்டரையால் வகுத்தால் ஏக்கர் அளவு வரும். தண்ணீர்த் தேவையை அறிய, முதலில் 10 சென்டில் வெறும் தண்ணீரைத் தெளித்துப் பார்க்கவும். செலவான லிட்டரைப் பத்தால் பெருக்கினால் ஏக்கருக்கு ஆகும் தண்ணீர் தெரிந்துவிடும்.