பழைய அமீகாவில் லினக்ஸும் ஈதர்நெட்டும்

கொமடோர் கம்பெனியார் 1992-இல் வெளியிட்ட அமீகா 1200 என்னும் வீட்டுக் கம்ப்யூட்டரை இன்றும் பிரியத்தோடு பேணி வருகிறவர்கள், அதில் லினக்ஸை நிறுவ முற்படுமுன் பிராசஸரையே முதலில் கவனிக்க வேண்டும்; ஏனெனில் அதனுடன் வந்த 68இசி020 சில்லில், நினைவகத்தைப் பங்கிட்டு நிர்வகிக்கும் எம்எம்யு என்ற அங்கம் கிடையாது; அது இல்லாவிடில் டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகள் இயங்கமாட்டா. ஆகவே 68030 அல்லது அதற்கு மேற்பட்ட சில்லும் கூடுதல் நினைவகமும் கொண்ட ஆக்சிலரேட்டர் பலகை அவசியம். எம்எம்யு இல்லாத, 'இசி' என்ற எழுத்துக்கள் பொறித்த சில்லை, எவ்வளவு சகாய விலைக்குக் கிடைத்தாலும், விலக்கிவிடுவதே உத்தமம்.

வலைத்தொடர்புக்கு, இடது பக்கத்திலுள்ள பிசிஎம்சிஐஏ துவாரத்தில் என்இ2000 வகையைச் சேர்ந்த 16-பிட் ஈதர்நெட் அட்டையைச் செருகலாம். அதற்கென்றே கெர்னலில் 'ஏபிஎன்இ' என்ற டிரைவர் இருப்பது பெரும் பாக்கியம். அட்டையை வாங்கும்போது அதன் முனையை உற்றுப் பாருங்கள்: சிறு புடைப்புகளுடன் பொன்னிறத் தகடு தென்பட்டால் அது 32-பிட் கார்ட்பஸ் அட்டை. அது இதில் பொருந்தாது; பலவந்தமாகத் திணித்தால் உள்ளிருக்கும் ஊசிகள் வளைந்து, யந்திரத்துக்கே சேதம் நேரும்.

இன்னொரு விஷயம். அமீகா 1200-இல் பாட்டரியுடன் கூடிய கடிகாரம் இயல்பாக அமைக்கப்படவில்லையாதலால், ஒவ்வொரு முறை ஆரம்பிக்கும்போதும் தேதி தவறாகவே இருக்கும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் நிராகரிக்கப்படும். தொடர்பு கிடைத்தவுடன், வலைவழியே நேரத்தைப் பெறும் என்டிபி என்ற முறையின் மூலம் நேரத்தைச் சரிசெய்துகொண்டு, அதன்பின் மற்றக் காரியங்களைத் தொடங்குங்கள்.