மருந்து அளக்கும் மேசை

தம்பிகளுக்கு,

1972-லிருந்தே வேட்டைக்குப் பூட்டு விழத் தொடங்கிவிட்ட நாட்டிலிருந்து வந்தவர்கள் நீங்கள். இங்கே மொன்டானாவில் எல்க் மானுக்கு உரிமம் வாங்கிவிட்டு, தோட்டாவையும் நாமே கட்டலாமா என்று கேட்கிறீர்கள். கட்டலாம். முதலில் இதைப் படியுங்கள்.

1. காசு மிச்சமாகும் என்று இறங்காதீர்கள். ஒரு தோட்டாவுக்கு மிச்சமாவது உண்மைதான். ஆனால் இரண்டு மடங்கு சுடுவீர்கள்.

2. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வெடிமருந்து டப்பாதான் இருக்கவேண்டும். பல மருந்துகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், நறுக்கிய பென்சில் முனை மாதிரி. கைத்துப்பாக்கி மருந்து ரைஃபிள் தோட்டாவின் கூட்டுக்குள் போனால் துப்பாக்கியே பிளந்துவிடும். ஒருமுறை அளவைக் குப்பியில் மருந்தை வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால், அது எந்த மருந்து என்பதில் கொஞ்சூண்டு சந்தேகம். அவ்வளவையும் தூக்கிக் கொட்டினேன். வயிறு எரிந்தது, ஆனால் கை விரல் பத்தும் இருக்கிறது.

3. கிரெய்ன் என்பது எடை. ஒரு பவுண்டுக்கு 7,000, ஒரு கிராமுக்குப் பதினைந்தரைக்குச் சற்றுக் குறைவு. மருந்தைத் துணுக்குத் துணுக்காக எண்ணுவதா என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். சிரிக்காதீர்கள், கேட்டானே என்று நான் சந்தோஷப்பட்டேன். பெட்டிமேல் 180 என்று போட்டிருப்பது குண்டின் எடை, மருந்தின் எடை அல்ல. தராசை ஒவ்வொரு முறையும் படிக்கல் வைத்துச் சோதியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்.

4. மருந்தின் அளவைக் கையேட்டில் பாருங்கள். சிநேகிதன் சொன்னான் என்று போடாதீர்கள், நான் சொன்னாலும் போடாதீர்கள். கையேடு சொல்லும் தொடக்க அளவில்தான் ஆரம்பிக்கவேண்டும். குண்டு, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி), கூடு எதை மாற்றினாலும் மறுபடி கீழிருந்து ஏறுங்கள். கார் டயரில் 35 பி.எஸ்.ஐ. காற்று அடைக்கிறோம். .30-06 தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 60,000. அது வெடிக்கும் இடத்துக்கு ஒரு சாண் பின்னால் உங்கள் கன்னம் இருக்கிறது. போல்ட் திறக்க முரண்டு பிடித்தாலோ, பிரைமர் தட்டையாக நசுங்கியிருந்தாலோ அன்றைக்கு அதோடு சரி.

5. வேகத்துக்கு ஆசைப்படாதீர்கள். எல்லோரும் விழும் குழி இது. ஜான் நோஸ்லர் 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டார். சேறு அப்பியிருந்த விலாவில் பட்ட குண்டுகள் மேலேயே சிதைந்தன, உள்ளே இறங்கவில்லை. வேகத்துக்கு அங்கே குறைச்சல் கிடையாது, .300 மேக்னம் அது. ஊருக்குத் திரும்பியவர், குண்டின் நடுவில் ஒரு செம்புத் தடுப்பு வைத்து, முன்பாதி விரிய, பின்பாதி கட்டுக்குலையாமல் ஊடுருவும்படி செய்தார். ‘பார்ட்டிஷன்’ என்று இன்றும் விற்கிறதே, அதுதான். விநாடிக்கு நூறு அடி கூடுதலாக வந்தது எல்க்குக்குத் தெரியாது. நெஞ்சுக்கூட்டைத் தாண்டியதா என்பதுதான் தெரியும். அடிபட்டு ஓடிய மிருகத்தை இருட்டில் ரத்தத்துளி பார்த்துத் தேடியவனுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

6. மேசைக்கு முன் பேச்சு கூடாது, போன் கூடாது. நடுவில் யாராவது கூப்பிட்டால், கையில் இருக்கும் கூட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்திருங்கள். குண்டு பொருத்துமுன் ஐம்பது கூட்டையும் பலகையில் நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். மருந்து ஒரே மட்டத்தில் தெரியவேண்டும். மருந்தில்லாத தோட்டா சும்மா போகாது. பிரைமரின் சக்தி மட்டுமே குண்டைக் குழலுக்குள் தள்ளிச் சிக்கவைத்துவிடும். அதன் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

7. ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள். கலிபோர்னியா போனால் 2019 முதல் வேட்டைக்கு ஈயக்குண்டே கூடாது. அங்குள்ள கொண்டோர் கழுகுகள் மிச்ச இறைச்சியில் ஈயத் துகளைத் தின்று சாகின்றன.

8. மலைக்குக் கொண்டுபோகும் தோட்டா ஒவ்வொன்றையும் வீட்டிலேயே துப்பாக்கியில் ஏற்றி இறக்கிப் பாருங்கள், போல்ட்டிலிருந்து ஊசியைக் கழற்றிவிட்டு. நான் பார்க்காமல் போன வருஷம், ஆறு கிளைக் கொம்போடு ஒரு கிடா நூற்றைம்பது கஜத்தில் வந்து நின்றது. தோட்டா பாதியில் நின்றுவிட்டது. வேறு ரைஃபிளில் சுட்ட கூடு ஒன்று என் கூடுகளோடு கலந்திருக்கிறது. அதற்கும் கழுத்தை மட்டும் இறுக்கிக் கட்டியிருக்கிறேன், அதன் உடல் அந்த ரைஃபிளின் அளவிலேயே நின்றுவிட்டது. நான் போல்ட்டோடு மல்லுக்கட்டுவதை அந்தக் கிடா கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு நடந்தே போயிற்று, ஓடக்கூட இல்லை.

9. பெட்டிமேல் எழுதுங்கள்: எந்த மருந்து, எவ்வளவு, எந்தக் குண்டு, எந்தத் துப்பாக்கிக்கு, என்றைக்குக் கட்டியது. என் பழைய வேட்டைத்துணைவர் போனபின் அவர் மனைவி மூன்று பெட்டி கொண்டுவந்தார். எதிலும் ஒரு எழுத்து இல்லை. அவர் கை சுத்தம் எனக்குத் தெரியும், இருந்தும் ஒன்றைக்கூடச் சுடவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து குண்டுகளைப் பிடுங்கி, மருந்தைப் புல்தரையில் மெல்லிசாகத் தூவிவிட்டு, கூடுகளைத் துடைத்து அவர் பேரனிடம் கொடுத்தேன்.