வெந்நீர் ஊற்றும் எட்டு மாளிகைகளும்



தண்மை + நீர் = தண்ணீர். வெம்மை + நீர் = வெந்நீர். தண்மை என்றால் குளிர்ச்சி. வெம்மை என்றால் சூடு. ஆகவே, நாம் பேச்சில் வழங்கும் ‘சுடுதண்ணீர்’ என்பதற்கு ‘சூடான குளிர்நீர்’ என்றே பொருள் வரும்!

அடுப்பும் விறகும் இன்றி, நிலத்தினுள்ளிருந்து சூடாகவே பொங்கிவரும் நீரை வெந்நீர் ஊற்று என்பர். திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளை உங்கள் பெற்றோருள் சிலர் அறிந்திருப்பர். அத்தகைய ஊற்றுகளால் பெயர்பெற்ற ஊர் ஒன்று, நம் டெக்சாசின் அண்டை மாநிலமான ஆர்க்கன்சாவில் உண்டு. அதன் பெயர் ஹாட் ஸ்பிரிங்ஸ். டல்லாசிலிருந்து காரில் ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பயணம்.

நீர் சூடாவது எங்ஙனம்?

அங்கே எரிமலை ஏதும் இல்லை. மலையில் பெய்யும் மழைநீர், பாறை இடுக்குகளின் வழியே மெல்ல மெல்ல ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் செல்லச் செல்லப் பூமியின் உள்வெப்பம் மிகும். சூடேறிய நீர் ஒரு பிளவின் வழியே விரைந்து மேலெழுகிறது. ஆறுவதற்கு நேரம் இல்லாமையால், ஏறத்தாழ 143 பாகை பாரன்ஹீட் (62 பாகை செல்சியஸ்) சூட்டுடன் வெளிவருகிறது. இன்று வரும் நீரின் பெரும்பகுதி சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை என அறிவியலார் கணித்துள்ளனர்.

குளியல் மாளிகைகள்

இந்த ஊற்றுகளை 1832ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசு தன் பாதுகாப்பில் கொண்டது. 1921இல் அவ்விடம் தேசியப் பூங்கா ஆயிற்று. 1892 முதல் 1923 வரை எழுந்த எட்டுக் குளியல் மாளிகைகள் இன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றுள் சிறந்தது 1915இல் திறக்கப்பட்ட ஃபோர்டைஸ் மாளிகை. ஆடவர் நீராடிய கூடத்தின் கூரையில் வண்ணக் கண்ணாடி. மகளிர் பகுதியோ அதனினும் சிறியது. மூட்டுவலி முதலிய நோய்களுக்கு மருத்துவர்கள் இங்கே நீராடப் பரிந்துரைத்தனர். புதிய மருந்துகள் பெருகியபின் கூட்டம் குறைந்தது. 1962இல் மூடப்பட்ட ஃபோர்டைஸ் மாளிகை, 1989 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

நீராடியவர் யார்?

அங்கே தொட்டியை நிரப்பியவரும், முதுகு தேய்த்துவிட்டவரும், ஈரம் துவட்டத் துணி தந்தவரும் பெரும்பாலும் கறுப்பின மக்களே. ஆயினும் அதே தொட்டியில் இறங்கி நீராட அவர்களுக்கு உரிமை இல்லை. ஆதலால், தமக்கெனத் தனிக் குளியலகங்களை அவர்கள் அமைத்துக்கொண்டனர். அங்கும் பாய்ந்தது அதே ஊற்று நீரே! 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டத்தின் பின்னரே அந்த வேற்றுமை நீங்கியது.

இதைக் கேட்டு, ‘இது அமெரிக்கரின் குறை’ என்று நாம் எண்ணிவிடலாகாது. நம் நாட்டிலும் ஊர்க் குளங்களும் கிணறுகளும் பலருக்கு மறுக்கப்பட்டன. 1927இல் மராட்டிய நாட்டின் மஹாத் நகரில், பொதுக்குளத்து நீரை ஒரு கை அள்ளிப் பருகும் உரிமைக்காக டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் செல்ல நேர்ந்தது. மழை ஆள் பார்த்துப் பெய்வதில்லை. வேலி போடுபவன் மனிதனே.

இன்று ஹாட் ஸ்பிரிங்சில் பொதுக்குழாய்கள் உள்ளன. யாவரும் கட்டணமின்றிக் குடம் நிறைய ஊற்று நீரைப் பிடித்துச் செல்லலாம். பெற்றோர்களே, விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். வண்ணக் கூரையைக் காட்டும்போது, அதன்கீழ் உழைத்தவர்களின் வரலாற்றையும் சொல்லுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. பிரித்து எழுதுக: தண்ணீர், வெந்நீர்.
2. எரிமலை இல்லாத இடத்தில் ஊற்று நீர் சூடாவது எவ்வாறு?
3. ‘நீர் அனைவருக்கும் பொது’ என்னும் தலைப்பில் ஐந்து வரிகள் எழுதுக.