சீனி வருத்தமும் ஆறாத புண்ணும்

அட்டைக்கடி நமக்குப் புதிதல்ல. மழை நாளில் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போனாலும் ரெண்டு மூணு ஏறத்தான் செய்யும். சுகமான ஆளுக்குச் சில நாளில் காய்ந்துவிடும். சீனி வருத்தக்காரருக்கு அதே கடி, சொறிந்து சீழ்கட்டி, மாதக்கணக்கில் ஆறாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். ஏன் இப்படி?

புண் ஆறத் தேவையான பிராணவாயுவும் சத்தும் இரத்தத்தோடுதான் வந்து சேர வேண்டும். சீனி நெடுநாள் கூடி நின்றால் காலுக்குப் போகும் குழாய்கள் ஒடுங்கிவிடும். பீடி, சுருட்டு குடித்தால் இன்னும் மோசம். கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களும் சோர்ந்துவிடும்.

ஆனால் நாம் அதிகம் பயப்பட வேண்டியது நரம்பு மரத்துப்போவதற்குத்தான். வலி இருந்தால் மனுசன் நொண்டி நடப்பான், காலுக்கு ஓய்வு கிடைக்கும். வலி தெரியாவிட்டால் புண்ணை மிதித்தே மலையேறுவான். ஒவ்வொரு மிதிக்கும் புதுச் சதை நசியும். நாம் சந்தித்த ஓர் அம்மா குளிருக்கு அடுப்போரம் காலை நீட்டியிருக்கிறார். கொப்புளம் போட்டதை மகள்தான் கண்டாள். "நோவு இல்லியே, அப்புறம் எதுக்கு டிஸ்பென்சரிக்கு?" என்றாராம். கடைசியில் ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

தேயிலைத்தூள், சுண்ணாம்பு, சாம்பல் ஒன்றையும் புண்ணில் அப்பாதீர்கள். கொதித்தாறிய தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே மருந்துச்சாலையில் காட்டுங்கள். புண் பழுத்தால் சீனி தானாகவே கூடும். அந்த நேரம் பார்த்து மருந்தை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்!

சாப்பாட்டிலும் ஒரு தப்பு நடக்கிறது. தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் விட்டுவிட்டு, மூணு வேளையும் ரொட்டியும் சம்பலும்தான். ரொட்டி மாவும் வயிற்றுக்குள் சீனியாகத்தானே மாறுகிறது? சதை வளரப் புரதம் வேண்டும். பருப்பு, கடலை, நெத்தலி, முடிந்தால் முட்டை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை விட்டு வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். கண் மங்கலென்றால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். புண் கறுத்தாலோ, நாறினாலோ, சிவப்பு மேலே பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, "ஒரு நாள் பேர் போயிடுமே" என்று இருக்காமல் கிளினிக் கொப்பியோடு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.